பார்த்தாலி சைக்கிள் குழாய்க்குள் காகிதம் கடத்தினார் என்பது நிஜமா, கட்டுக்கதையா?

உச்சிப்புளிக்காரன்:

எங்கள் குழுவில் ஏழெட்டுப் பேர். ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு உச்சிப்புளியில் கூடி, மண்டபம், பாம்பன் பாலம் வழியாக அரிச்சல்முனை வரை மிதித்துவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பப் பார்ப்போம் (முடிந்ததே இல்லை, கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் போகும்போது ராஜா மாதிரி போய், திரும்பும்போது கழுதை மாதிரி வருவோம்). போன வாரம் பாலத்து உச்சியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கூட வந்த ஒருவர் இத்தாலிக் கதை ஒன்றை எடுத்துவிட்டார். ஜினோ பார்த்தாலி என்று ஒரு வீரர், இரண்டாம் உலகப் போர் சமயத்தில் யூதர்களுக்கான போலி அடையாளக் காகிதங்களைச் சைக்கிள் குழாய்க்குள் ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். ராணுவம் மறித்தால் 'பயிற்சி செய்கிறேன்' என்பாராம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. குழாய்க்குள் அவ்வளவு இடமா இருக்கும்? ஊரில் நாங்கள் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடைப் பெரியவரிடம் கேட்டேன். அவர் பதிலே சொல்லாமல் மூலையில் கிடந்த ஒரு 28 இஞ்ச் வண்டியை இழுத்துப்போட்டார், ஒரு காலத்தில் கேரியரில் மீன்பெட்டி கட்டி ஓடிய வண்டி. சீட் கம்பி துருவில் பிடித்துக்கொண்டிருந்தது, மண்ணெண்ணெய் விட்டு அரை மணி நேரம் விட்டுவைத்துத் தட்டிக் கழற்றினோம். உள்ளேயிருந்து கொட்டிய துரு உள்ளங்கையில் மிளகாய்த்தூள் மாதிரி இருந்தது. ரேஷன் கார்டு ஜெராக்ஸைச் சுருட்டி உள்ளே விட்டோம். சர்ரென்று போய்விட்டது. ஆக இடம் இருக்கிறது. ஆனால் இடம் இருப்பதும் நடந்திருப்பதும் வேறு வேறுதானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே, அவர் காலத்து இன்னொரு வீரர் கோப்பியாமே, கோப்பியா பார்த்தாலியா என்று இத்தாலிக்காரர்கள் ஏன் இன்னும் சண்டை போடுகிறார்கள் என்பதையும். எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர்கள் மாதிரியா?


கச்சான்:

தம்பி, ஆளைப் பற்றி முதலில். பார்த்தாலி 1914-இல் ஃபிளாரன்ஸ் நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். பிரான்சைச் சுற்றும் டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தை 1938-இலும் 1948-இலும் ஜெயித்தார், நடுவில் பத்து வருட இடைவெளி, அதில் பெரும்பகுதியை உலகப் போர் தின்றுவிட்டது. இத்தாலியைச் சுற்றிப் பல நாள் நடக்கும் ஜிரோ டி இத்தாலியா 3 தடவை.

காகிதக் கதைக்கு வருகிறேன். ஃபிளாரன்ஸ் பேராயர் தல்லா கோஸ்தா யூதர்களைக் காப்பாற்ற ஓர் இரகசிய வலைப்பின்னல் வைத்திருந்தார், அசிசி நகரத்தில் போலிக் காகிதங்கள் அச்சானது, இரண்டு ஊருக்கும் நடுவே பார்த்தாலி ஓட்டிக்கொண்டு போனார் என்பதுதான் சொல்லப்படுவது. 2013-இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அவருக்கு 'நாடுகளிடையே நீதிமான்' என்ற, யூதர்களைக் காப்பாற்றிய பிற மதத்தவருக்குத் தரும் கௌரவத்தைக் கொடுத்தது. அதே சமயம், குழாய்க்குள் காகிதம் என்ற பகுதிக்கு ஆதாரம் போதாது என்று வாதாடும் வரலாற்றாளர்களும் இருக்கிறார்கள். கோல்டன்பெர்க் என்ற யூதக் குடும்பத்துக்குப் பார்த்தாலி ஒளிந்துகொள்ள இடம் கொடுத்ததை அந்த வீட்டுப் பிள்ளையே வளர்ந்த பிறகு சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய விஷயம். சைக்கிள் இல்லை, சாகசம் இல்லை, பிடிபட்டால் உயிர் போகும். ஆனால் நமக்குக் குழாய்க்கதைதான் ருசிக்கிறது, என்ன செய்ய.

சண்டை விவகாரம். ஃபாவுஸ்டோ கோப்பி ஐந்து வயது இளையவர், கறிக்கடையில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாகச் சைக்கிள் மிதித்தவர். 1940-இல் பார்த்தாலியின் அணியிலேயே உதவி ஆளாகச் சேர்ந்தார், தலைவர் கீழே விழுந்து பின்தங்க, இருபது வயதுப் பையன் ஜிரோவை ஜெயித்துவிட்டான். அங்கே ஆரம்பித்தது. பார்த்தாலி கோயில், ஜெபம் என்று இருப்பவர். கோப்பி பிற்பாடு கல்யாணமான ஒரு பெண்ணோடு வாழப்போய், அந்த நாட்டில் அப்போது அது குற்றம் என்பதால் அந்தப் பெண் சிறைக்கே போகவேண்டி வந்தது. ஆகவே பழைய இத்தாலி, புது இத்தாலி என்று பத்திரிகைகள் கோடு கிழித்துவிட்டன. உண்மையில் இரண்டு பேருமே ஏழை வீட்டுப் பிள்ளைகள். 1952 டூரில் மலையேறும்போது ஒரு தண்ணீர் பாட்டில் கை மாறுகிற புகைப்படம் ஒன்று உண்டு. யார் யாருக்குக் கொடுத்தார் என்று படத்தைப் பார்த்தால் தெரியாது. அதை வைத்தே எத்தனை வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள்!

ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது, இதையெல்லாம் ஜனங்கள் கண்ணால் பார்க்கவில்லை. பேப்பரில் படித்தார்கள், ரேடியோவில் கேட்டார்கள். ஜிரோவை 1909-இல் தொடங்கியதே ஒரு பத்திரிகை, 'லா காஸெத்தா தெல்லோ ஸ்போர்ட்', விற்பனையைக் கூட்டத்தான். அதன் தாள் ரோஸ் நிறம், அதனால்தான் 1931 முதல் முன்னணியில் இருப்பவருக்கு ரோஸ் சட்டை. 1949-இல் குனேயோவிலிருந்து பினெரோலோவுக்கு 5 கணவாய் தாண்டி ஜிரோவின் ஒரு நாள் ஓட்டம், கோப்பி 192 கிலோமீட்டர் தனியாகவே ஓட்டினார். வானொலி வர்ணனையாளர் மாரியோ ஃபெரெத்தி ஒலிபரப்பைத் தொடங்கியதே இப்படித்தான்: ஒரே ஒரு மனிதன் முன்னால், அவன் சட்டை வெள்ளையும் வானநீலமும், அவன் பெயர் ஃபாவுஸ்டோ கோப்பி. பார்த்தாலி இரண்டாவதாக வந்தபோது கிட்டத்தட்ட 12 நிமிடம் ஆகிவிட்டிருந்தது. 1946-இல் மிலான்–சான் ரெமோ என்ற ஒரு நாள் பந்தயத்தில் இன்னும் மோசம், கோப்பிக்கும் இரண்டாவது ஆளுக்கும் 14 நிமிட வித்தியாசம். இரண்டாவது ஆள் வரும்வரை நடன இசை கேளுங்கள் என்று ரேடியோவில் பாட்டுப் போட்டுவிட்டார்கள் என்பார்கள். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புரியும். பார்க்காத ஒன்றுதான் மனசில் பெரிதாக வளரும்.


கப்பல்காக்கா:

கீழக்கரை ஆள் நான், கப்பலில் இருபத்தைந்து வருடம். ஜெனோவாவில் கப்பல் நின்றபோது ஒரு நாள் விடுப்பில் ரயிலேறி சான் ரெமோ வரை போனேன். கடலை ஒட்டியே ரோடு, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தண்ணீர். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பளமும் கருவேலமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு உலகம். மிலான்–சான் ரெமோ 1907-இல் தொடங்கியது, ஒரே நாளில் 300 கிலோமீட்டருக்குப் பக்கம். தம்பி கணக்குக்குச் சொல்கிறேன்: ராமநாதபுரத்தில் கிளம்பி அரிச்சல்முனை போய்த் திரும்பினால் 150-ஐ ஒட்டி வரும். அதை நிற்காமல் இரண்டு தடவை போடணும், அதுவும் குழுவாகச் சீறிக்கொண்டு.

கடைசியில் போஜ்ஜோ என்று ஒரு மேடு, 3.7 கிலோமீட்டர்தான், செங்குத்தும் கிடையாது, வழியெல்லாம் பூ வளர்க்கிற கண்ணாடிக் கொட்டகைகள். கடைசியில் கூட்டமாக வந்து முட்டிக்கொண்டு முடிக்கிறார்கள் என்பதால் 1960-இல்தான் அதைப் பாதையில் சேர்த்தார்கள். 280 கிலோமீட்டருக்கு மேல் மிதித்த காலுக்கு அந்தச் சின்ன மேடே மலை. 1992-இல் மொரேனோ அர்ஜென்தின் என்ற இத்தாலிய வீரர் அதில் தப்பித்துப் போய்விட்டார், ஜெயித்தாயிற்று என்றே எல்லாரும் நினைத்தார்கள், அயர்லாந்துக்காரர் ஷான் கெல்லி இறக்கத்தில் தலைகுப்புற விழுவதைப்போல இறங்கி வந்து பிடித்து, கோட்டிலும் ஜெயித்துவிட்டார். ஏறுவதைவிட இறங்கத்தான் நெஞ்சுரம் வேணும். பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று தள்ளும்போது இறங்கிப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்று. கோப்பி எப்படிச் செத்தார் தெரியுமா? மலேரியா. 1959 கடைசியில் மேல் வோல்ட்டா (இப்போது புர்கினா ஃபாசோ) போய்விட்டு வந்தார், காய்ச்சல் கண்டது, இத்தாலியில் மலேரியா என்று யாரும் பிடிக்கவில்லை. 1960 ஜனவரி 2, வயது 40. கூடப் போய் ஒரே அறையில் தூங்கிய பிரெஞ்சு வீரர் ஜெமினியானிக்கும் அதே காய்ச்சல். பிரான்சில் கண்டுபிடித்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார். நம் பக்கத்தில் குளிர்காய்ச்சல் என்றதுமே ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பார்கள். இதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை.


தொண்டிப்பொண்ணு:

எல்லா அண்ணன்மாரும் கோப்பி, பார்த்தாலியோடு நின்றுவிட்டீர்கள் :) அல்ஃபோன்சினா ஸ்திராதா பெயரை ஒருத்தரும் எடுக்கவில்லை. 1924-இல் பெரிய அணிகள் பணத் தகராறில் ஜிரோவுக்கு வரவில்லை, ஆள் குறைந்ததால் தனியாக வருகிறவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள், அப்படி உள்ளே நுழைந்த ஒரே பெண். பெருஜியா போகிற நாளில் மழை, காற்று. ஹேண்டில்பார் உடைந்து, துடைப்பக் கட்டையை வைத்துக் கட்டி ஓட்டினார் என்பார்கள். அன்று நேரக்கெடுவுக்குள் வந்து சேரவில்லை, கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் தொடர்ந்து ஓட்ட விட்டார்கள். மிலான் வரை ஓட்டி முடித்தார். 90 பேர் கிளம்பிய பந்தயம் அது, தரவரிசையில் இடம்பிடித்து முடித்தவர்கள் 30 பேர்தான். நான் தொண்டியில் கியர் சைக்கிள் வாங்கிய முதல் மாதம் 'எங்கம்மா கிளம்பிட்டே' என்று கேட்காத டீக்கடை இல்லை, அதனால் எனக்கு இந்தக் கதைதான்.

சிரிப்பதற்கு ஒன்று: மாலப்ரோக்கா என்ற வீரர். 1946 முதல் 1951 வரை ஜிரோவில் கடைசி ஆளுக்குக் கறுப்புச் சட்டை உண்டு, பரிசும் உண்டு. இவர் அதற்காகவே வழியில் கள்ளுக்கடை, வைக்கோல் கொட்டகை என்று ஒளிந்துகொண்டு நேரத்தைக் கடத்துவாராம். 46, 47 இரண்டு வருடமும் அவர்தான் கடைசி. 1949-இல் கரோல்லோ என்று ஒருவர் இவரைவிட மெதுவாக வந்து கெடுத்துவிட்டார்.

முதல் ஜிரோவை ஜெயித்த லூயிஜி கன்னா ஒரு கொத்தனார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, குண்டி எரிகிறது என்று ஊர்ப் பேச்சிலேயே சொன்னாராம். அந்த வருடம் புள்ளிக்கணக்கு. நேரத்தைக் கூட்டியிருந்தால் ரோசிஞோலி என்பவர்தான் ஜெயித்திருப்பார். பாவம்.


கச்சான்:

அந்தக் கன்னா ஓட்டிய காலத்தில் கியரே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளம்மா. பிறகும் நெடுநாள் பின் சக்கரத்தில் இரண்டு பக்கமும் பல்சக்கரம் வைத்துக்கொண்டு, மலை வந்ததும் இறங்கி, இறக்கை நட்டைத் திருகிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு ஏறுவார்கள். 1927-இல் க்ரோச்சே தௌனே கணவாயில் பனியில் துல்லியோ கம்பக்னோலோ என்ற வீரரின் விரல் மரத்து நட்டு திரும்பவில்லை, அந்த எரிச்சலில்தான் ஒரே நெம்பில் சக்கரம் கழலும் குயிக் ரிலீஸ் யோசனை பிறந்தது என்பது அவர் பிறகு தொடங்கிய சைக்கிள் உதிரிபாகக் கம்பெனியின் பிறப்புக் கதை. தேதி நவம்பர் 11 என்றுகூடச் சொல்வார்கள். நடந்ததா என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் நெம்புகோல் நிஜம், உன் சக்கரத்திலேயே இருக்கும் பார். நம்மூரில் பனி இல்லை, உப்புக்காற்று இருக்கிறது. ஆறு மாதம் எண்ணெய் விடாமல் வைத்தால் எந்த நட்டும் திரும்பாது.


உச்சிப்புளிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கச்சான் ஐயா, நீங்கள் சொன்ன ரேடியோ வரியைக் குழுவில் போட்டேன். இப்போது பாலத்தில் யார் முந்தினாலும் 'ஒரே ஒரு மனிதன் முன்னால்' என்று கத்துகிறார்கள், தாங்க முடியவில்லை. காக்கா, மலேரியா விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

ஒரு சின்னச் சிக்கல். அந்த ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இன்னும் வெளியே வரவில்லை. சீட் குழாய்க்கு அடியில் அடைப்பு கிடையாது போல, வழுக்கி நேராக பெடல் அச்சு இருக்கிற இடத்துக்கே போய்விட்டது. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினோம், துருதான் கொட்டுகிறது. பெரியவர், 'காகிதம் உள்ளே போனது சரி தம்பி, உங்க இத்தாலிக்காரரு எப்படி வெளியே எடுத்தாரு, அதைக் கேட்டீங்களா?' என்கிறார். யாருக்காவது தெரியுமா?


தொண்டிப்பொண்ணு:

நூல் கட்டி விட்டிருக்க வேண்டியதுதானே அண்ணா.


உச்சிப்புளிக்காரன்:

இதைப் பெரியவரிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, பெடல் அச்சைக் கழற்ற, கோட்டர் பின்னைத் தட்ட சுத்தியல் தேடுகிறார்.