காணிக்காரர் வீட்டில் ராத்திரி தங்க முடியுமா?

தச்சநல்லூர்க்காரன்:
அண்ணாச்சிமாரே, பொங்கல் லீவில் நாங்கள் மூன்று பேர் பாபநாசத்துக்கு மேலே காரையாறு பக்கம் இரண்டு நாள் மலையில் நடந்து, ராத்திரி அங்கே இருக்கும் காணிக்காரர் என்ற பழங்குடி மக்கள் வீட்டிலேயே தங்கி, அவர்கள் சாப்பிடுவதையே சாப்பிடலாம் என்று பார்க்கிறோம். சரிவருமா?

விகேபுரம் ஆள்:
தம்பி, காரையாறு, சேர்வலாறு, மயிலாறு எல்லாமே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1988-லேயே காப்பகம் ஆன இடம். பாபநாசம் செக்போஸ்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள், சாயங்காலம் இறங்கிவிட வேண்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கினால் மாட்டுவது நீங்கள் மட்டுமில்லை, பாவம், கஞ்சி ஊற்றிய வீட்டுக்காரரும்தான்.

ஊத்து எஸ்டேட்:
மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டுக்குப் போவதற்கும் அம்பாசமுத்திரத்தில் அனுமதி கேட்க வேண்டும். ஆனால் பழைய மாஞ்சோலையை நினைத்துப் போகாதீர்கள், எஸ்டேட்டின் 99 வருஷக் குத்தகை 2028-ல் முடிகிறது, தொழிலாளர்களின் லயன் வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன.

கடையத்துக்காரி:
அடிவாரத்தில் தங்குங்களேன். சிவசைலத்தில் தோழி வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். காலையில் அவித்த மரச்சீனிக்கிழங்கு, தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாயை அம்மியில் நசுக்கி உப்பும் எண்ணெயும் விட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆச்சியிடம் காசு நீட்டினேன், முகம் சுருங்கிப் போச்சு. அப்புறம் கடைக்குப் போய் அரிசியும் கருப்பட்டியும் வாங்கி அடுப்பங்கரையில் வைத்தேன், அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

தச்சநல்லூர்க்காரன்:
சரி, அப்போ சிவசைலமே போகிறோம். அக்கா, பன்றி வருமா அங்கே?

கடையத்துக்காரி:
வரும். ராத்திரி கொல்லைக்குப் போனால் டார்ச் எடுத்துக்கோ.