பல மொழிகளில் குரல் உதவியாளர் செயலிகள்: புதிதாக நுழைய இடம் இருக்கிறதா?

நடைவண்டி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. நானும் நண்பன் ஒருவனும் குரல் உதவியாளர் செயலி ஒன்று செய்யலாம் என்று ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பேச்சு மட்டும்தான், ஒரு வரி நிரல்கூட இன்னும் எழுதவில்லை. ஆப்பிளின் சிரி, அமேசானின் அலெக்சா, கூகுள் அசிஸ்டன்ட் எந்தெந்த மொழியில் இருக்கின்றன என்று அட்டவணை போட்டுப் பார்த்ததில் தலை சுற்றுகிறது. சுமார் அறுபது லட்சம் பேர் பேசும் டேனிஷ் மொழி சிரிக்கு 2015-லேயே வந்துவிட்டது. இருபது கோடிப் பேருக்கு மேல் பேசும் வங்காளம் அலெக்சாவின் பட்டியலில் இல்லை. இது என்ன கணக்கு? காலியாக இருக்கும் மொழியாகப் பார்த்துப் பிடித்தால் சந்தை நம் கையில் என்கிறான் நண்பன். சரிதானா?

பழைய மோடம்

உங்கள் அட்டவணையில் உள்ளூர்க்காரர்களே இல்லையே. ரஷ்ய மொழியில் யாண்டெக்ஸின் அலீசா 2017 முதல் இருக்கிறது. சீனத்தில் பைடு, அலிபாபா, ஷாவ்மி ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். கூகுள் அசிஸ்டன்ட் கொரிய மொழி பேசும் முன்பே, 2016-ல், எஸ்கே டெலிகாமின் நுகு வந்துவிட்டது. பணம் இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டே தன் உதவியாளர் கோர்ட்டானாவின் மொபைல் செயலியை 2021-ல் மூடியது.

தூக்கம்வராதவன்

இந்தத் தொழிலில் நான்கு வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். சோதனை வாக்கியம் எழுதுவதுதான் என் வேலை. 'அஞ்சரைக்கு எழுப்பு', 'காலைல அஞ்சரைக்கு அலாரம் வையேன்', 'அஞ்சு முப்பதுக்கு செட் பண்ணு' என்று ஒரே விஷயத்தை நாற்பது விதமாக எழுதிக்கொண்டிருப்பேன்.

டேனிஷ் கணக்கில் மர்மம் எதுவும் இல்லை. இவர்கள் யாரும் மொழியை விற்பவர்கள் அல்ல. ஆப்பிள் போன் விற்கிறது, விலை உயர்ந்த போன் எங்கே போகுமோ அந்த மொழி முதலில் வரும். அமேசானுக்குக் கடையும் ஒலிபெருக்கியும் முக்கியம். அலெக்சாவுக்கு இந்தி 2019-ல் வந்தது. 2021 கடைசியில் சவூதிக்கும் அமீரகத்துக்கும் போனபோது அரபு வந்தது. கூகுளுக்கு ஆண்ட்ராய்டு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வேலை. அதனால்தான் தமிழ், தெலுங்கு, வங்காளம் எல்லாவற்றையும் 2019-ல் ஒரே மூச்சில் அறிவித்தார்கள். ஒரு மொழி காலியாக இருக்கிறது என்றால், அந்த மொழிக்காரர்களிடம் எதை விற்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். உங்களுக்குத் தெரியுமா?

அப்புறம், பட்டியலில் ஒரு மொழி இருப்பதாலேயே அது உருப்படியாக வேலை செய்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது இப்போது மலிவாகிவிட்டது. 2022-ல் ஓப்பன்ஏஐ இலவசமாக வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருள் 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. ஆனால் அதில் ஆங்கிலம் போக 96 மொழிகள் பங்கு போட்டுக்கொண்டது ஏறத்தாழ 1,17,000 மணி நேரம்தான். மெட்டா 2023-ல் 1,100-க்கு மேற்பட்ட மொழிகளுக்கு அதே மாதிரி மென்பொருள் வெளியிட்டது. பெரும்பாலான மொழிகளுக்குக் கிடைத்த ஒலி பைபிளின் புதிய ஏற்பாட்டு வாசிப்பு. வேதம் கேட்டு வளர்ந்த காதிடம் 'அந்த லைட்ட அணை' என்றால் அது என்ன செய்யும், பாவம்.

உண்மையான பாடு கேட்டதைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. எங்கள் செயலியின் முதல் பதிப்பிடம் 'செல்விய கூப்பிடு' என்றோம். 'செல்விய' என்று யாரும் இல்லை என்று சாதித்தது. 'செல்விக்குப் போடு', 'செல்விகிட்ட பேசணும்', எதற்கும் மசியவில்லை. போனில் இருந்த செல்வியோ ஆங்கில எழுத்தில் இருந்தாள். உருபைக் கழற்றி, எழுத்தை மாற்றி, ஒலியை ஒப்பிட்டு அவளைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. பெயரோடு வேற்றுமை ஒட்டும் துருக்கியிலும் ஃபின்னிஷிலும் இதே கதைதான்.

யாராவது சொற்பிழை விகிதத்தை (நூறு சொல்லில் எத்தனை தப்பாகக் கேட்டது என்ற கணக்கு) காட்டினால், அதையே எழுத்து எழுத்தாக எண்ணும் எழுத்துப்பிழை விகிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். 'வந்துகொண்டிருக்கிறார்களா' என்பது நமக்கு ஒரே சொல். கடைசி 'ஆ' காதில் விழாவிட்டால் முழுச் சொல்லும் தப்புக் கணக்கில் போய்விடும். ஆங்கிலத்தில் அதுவே மூன்று சொல். ஆனால் அந்த 'ஆ' போனால் கேள்வியே போய்விடுகிறது, எனவே விகிதம் முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன்.

நடைவண்டி

செல்வி கதையை நண்பனுக்கு அனுப்பிவிட்டேன், ஒரு மணி நேரமாகப் பதில் இல்லை. சரி, காதும் மூளையும் தயார் என்றே வைத்துக்கொள்வோம். போன் நம் செயலியை வேலை செய்ய விடுமா?

தூக்கம்வராதவன்

ஆண்ட்ராய்டில் போனோடு வரும் உதவியாளரை மாற்றிக்கொள்ளப் பயனருக்கே அமைப்பு உண்டு. ஐபோனில் 'ஹே சிரி' இடத்தில் நீங்கள் உட்கார முடியாது. சிரியின் குறுக்குவழி (ஷார்ட்கட்) வழியாக நுழையலாம். பெரியவர்களின் திண்ணையில் கடை போடுவதும் ஆபத்து. கூகுள் அசிஸ்டன்ட்டுக்குள் வெளியார் உரையாடல்கள் எழுதும் வசதியை 2023 ஜூனில் மூடிவிட்டார்கள்.

அதனால் எல்லாம் செய்யும் உதவியாளர் வேண்டாம். ஒரே வேலையை எடுங்கள், எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்குப் படிவம் நிரப்பித் தருவது மாதிரி.

பழைய மோடம்

சின்ன மொழிக்கு வழியே இல்லை என்று ஆகிவிடக் கூடாது. ஐஸ்லாந்து மொழி பேசுபவர்கள் நான்கு லட்சத்தைத் தொடமாட்டார்கள், அவர்களுக்கு எம்ப்லா என்று சொந்தச் செயலி வந்தது. அரசு பணம் போட்டு மொழித் தரவு சேர்த்த நாடு அது. பொதுமக்கள் குரல் தானம் செய்யும் மோசில்லாவின் காமன் வாய்ஸில், ஸ்பெயினின் கேட்டலன் மொழியும் ருவாண்டாவின் கின்யார்வாண்டாவும் ஒலி குவித்திருப்பதைப் பாருங்கள். வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறமூலத் திட்டத்தில் விளக்கு அணைக்கும் கட்டளைகளைக்கூடத் தன்னார்வலர்கள்தான் மொழி மொழியாக எழுதுகிறார்கள்.

தூக்கம்வராதவன்

ஒப்புக்கொள்கிறேன். நடைவண்டி, நிரலுக்கு முன் இருபது பேரிடம் ஆளுக்குப் பத்து வாக்கியம் பதிவு செய்யுங்கள். பாட்டி ஒருவர், பல் விழுந்த குழந்தை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் நண்பன் குரல் வேண்டாம், அவன் எப்படியும் தெளிவாகத்தான் பேசுவான். அதை விஸ்பரில் போட்டு, வந்ததை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.