பேதுரு மறுதலிப்பார் என்று முன்பே தெரிந்திருந்தால், அது அவர் சொந்தத் தீர்மானமா?

கேள்வி
பெங்களூரு அல்சூர் பக்கம் எங்கள் தமிழ்ச் சபை வாலிபர் வேதபாடத்தில் வரும் ஞாயிறு லூக்கா 22:34: சேவல் கூவுமுன் பேதுரு தம்மை அறியேன் என்று மூன்று தரம் மறுதலிப்பார் என இயேசு சொல்லும் வசனம். ஆண்டவர் முன்பே சொல்லிவிட்ட பிறகு பேதுருவால் வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா? பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

பதில் 1
பிரதர், பலர் சறுக்குவது ஒரே இடத்தில். ‘தேவன் அறிந்தது நிச்சயம் நடக்கும்’ என்பது சரி. அதிலிருந்து ‘நடப்பதெல்லாம் கட்டாயத்தால் நடக்கிறது’ என்று தாவக் கூடாது. பேதுரு இயேசுவை அறிக்கையிட்டிருந்தால் ஆண்டவர் அதையே முன்னறிந்திருப்பார். வேலைக்காரி கேட்டபோது யாரும் அவர் வாயை அசைக்கவில்லை. பயம் அவருடையது; அதனால்தான் மனங்கசந்து அழுதார்.

பதில் 2
இந்தப் பதில், மனிதனின் சுயசித்தத்தை வலியுறுத்தும் அர்மீனியருக்கு (அர்மீனியஸ் என்ற இறையியலாளர் வழி வந்தவர்கள்) போதும், ஐயா. கால்வினின் போதனையைப் பின்பற்றும் கால்வினியர், தேவன் நியமித்ததால்தான் முன்னறிகிறார் என்பார்கள். இரட்சிக்கப்படுவோரைத் தேவன் அவர்கள் விசுவாசத்தை முன்கண்டு தெரிந்துகொண்டாரா (தேர்ந்தெடுத்தாரா), விசுவாசிக்கும்படி தெரிந்துகொண்டாரா? 1618–19இல் நெதர்லாந்தில் கூடிய டோர்ட் சினோடில் (திருச்சபை மன்றம்) இதுதான் பெரிய வழக்கு. கால்வினிய விசுவாச அறிக்கையான வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை 3ஆம் அதிகாரம், நடப்பதையெல்லாம் தேவன் நியமித்தார் என்கிறது. அதே வாக்கியத்தில், சிருஷ்டிகளின் சித்தத்துக்குப் பலவந்தம் இல்லை என்றும் சொல்கிறது. பின்பாதியை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் ‘தலையெழுத்து’ என்று எடுத்துக்கொள்வார்கள். தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

பதில் 3
1 சாமுவேல் 23:11-13ஐயும் சேருங்கள், அண்ணா. கேகிலா ஊரார் தாவீதைச் சவுலிடம் ஒப்புக்கொடுப்பார்கள் என்றார் கர்த்தர். தாவீது வெளியேறினான், அது நடக்கவில்லை. அங்கேயே இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் தேவன் அறிந்திருந்தார்; ஆனால் அந்த அறிவு தாவீதைக் கட்டாயப்படுத்தவில்லை.