லைற்றர் பொறியும் ஐதரசன் போத்தலும்: வகுப்பில் நடந்தது

கிளிநொச்சி ரீச்சர்:
2012, தரம் 10. நாகத்துண்டில் ஐதான ஐதரோக்குளோரிக்கமிலம் விட்டு எடுத்த ஐதரசனுக்குக் கிட்டக் குச்சி கொண்டுபோக எனக்குப் பயம், அதனால் பழுதான லைற்றரைக் கழற்றி டிக் டிக் என்று அடிக்கிற அந்தக் கறுப்புக் கட்டையை எடுத்து, இரண்டு வயர் கட்டி, சின்னப் பிளாஸ்ரிக் மருந்துப் போத்தல் மூடியில் இரண்டு குண்டூசி குத்தி, வயர்களை அவற்றில் கொழுவி, போத்தலில் ஐதரசனைப் பிடித்து மூடினேன். அமத்தினேன். டப்! மூடி முகட்டில் பட்டது, பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டாம் வரிசையில் ஒருத்தியைக் காணவில்லை. மேசைக்குக் கீழே இருந்தாள், இரண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு. சண்டைக்காலத்தில் பங்கருக்குள் அப்படித்தான் இருக்கச் சொல்லிக் கொடுத்தோம். "முடிஞ்சுதோ ரீச்சர்?" என்றாள்.

வவுனியா:
ரீச்சர், கோபிக்க வேண்டாம், அந்தச் சத்தமே தேவையில்லை. ஒரு சோதனைக்குழாயில் கொஞ்சம் பிடித்துக் கொளுத்தினால் 'பொப்' என்று கேட்கும், ஐதரசன் என்று காட்ட அது போதும். நான் அந்தக் கட்டையை ஸ்பிரிற் விளக்குக் கொளுத்தத்தான் வைத்திருந்தேன், மாரியில் நெருப்புக்குச்சி நமுத்துப்போகும் என்று. கார்த்திகை மழையில் அதுவும் கைவிட்டது. பொறி ஊசி நுனிக்கு வராமல் ஈர வயரில் இருந்து என் விரலுக்குப் பாய்ந்தது, சுள்ளென்று.

புதுக்குடியிருப்பு:
வயர்தான் பிழை. மெல்லிய வயரின் உறை அந்த வோல்ற்றைத் தாங்காது. கட்டை பத்தாயிரம் வோல்ற்றுக்கு மேல் தரும், உலர்ந்த காற்றில் ஒரு மில்லிமீற்றரைத் தாண்ட ஏறக்குறைய மூவாயிரம் வேண்டும், ஆகவே ஊசிகளுக்கு இடையில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் விடுங்கள். கட்டையில் வால் மாதிரி நீளும் மெல்லிய வயர் ஒரு முனை, அடியில் உள்ள உலோகம் மற்ற முனை, அதை மறந்துவிட்டுப் பொறி வரவில்லை என்று பலர் எறிந்துவிடுகிறார்கள். கழற்ற முதல் லைற்றரில் உள்ள காஸ் முழுவதையும் வெளியில் வைத்துப் போக்குங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். காற்றில் ஐதரசன் 4 முதல் 75 சதவீதம் வரை இருந்தாலே பற்றும், கொஞ்சம்தானே என்று நினைக்கக் கூடாது. ஒட்சிசனோடு இரண்டுக்கு ஒன்று கலந்தால் சத்தம் வேறு மாதிரி, அதை வகுப்புக்குள் செய்யாதீர்கள். எல்லாருக்கும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி. என் கதை சின்னது: பற்றறி இல்லாமல் எப்படி சேர் என்று ஒருவன் கேட்டான், கட்டைக்குள் இருக்கிற படிகத்தை அமத்தினால் மின்னேற்றம் வரும், 1880இலேயே கியூரி சகோதரர்கள் கண்டது என்றேன். இடைவேளை முழுக்க அதை அமத்திக்கொண்டே இருந்தான்.

கிளிநொச்சி ரீச்சர்:
வயர் விஷயத்துக்கு நன்றி. சத்தம் தேவையில்லை என்றவருக்கு: நான் சொல்லாமல் செய்யவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித்தான் அமத்தினேன். அந்த எண்ணிக்கைதான் அவளைக் கீழே இறக்கியதோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். இப்போது நான் எண்ணுவதில்லை. வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய், கட்டையைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுகிறேன், விருப்பமானவர் விருப்பமான நேரத்தில் அமத்தட்டும்.