சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் முறுக்கு சுட்டு விற்க யாரிடம் அனுமதி வாங்குவது?

ஈசூன் மருமகள்:
ஈசூனில் நாலறை வீடு, சொந்த வீடுதான். மாமியார் தீபாவளிக்குச் சுடும் முறுக்கையும் அச்சுமுறுக்கையும் சாப்பிட்டவர்கள் இப்போது காசு கொடுத்துக் கேட்கிறார்கள், அதனால் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கலாம் என்று யோசனை. பக்கத்து வீட்டுக்காரரோ எண்ணெய் வாடை என்று முணுமுணுக்கிறார், வீவகவில் சொல்லிவிடுவேன் என்கிறார். அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்? லிஃப்ட் பக்கத்தில் ஒரு விளம்பரத் தாள் ஒட்டலாமா? வேலை கூடினால் பணிப்பெண்ணும், மாமியாரின் தோழி ஒருவரும் கைகொடுப்பார்கள்.

கிளமெண்டி கணக்கர்:
அனுமதியே வேண்டாம். வீட்டிலிருந்து சின்ன அளவில் செய்யும் தொழில்களுக்கென்று ஒரு திட்டம் இருக்கிறது, சமையல், தையல், முடிதிருத்தம் எல்லாம் அதில் அடங்கும். வீவகவிடமோ நகர மறுசீரமைப்பு ஆணையத்திடமோ விண்ணப்பம் போட வேண்டியதில்லை, சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமமும் கேட்கமாட்டார்கள், ஆனால் அவர்களுடைய சுகாதார வழிகாட்டிகளைப் பின்பற்ற வேண்டும்.

நிபந்தனைகள்தான் விஷயம். வீடு வீடாகவே இருக்க வேண்டும், வெளியே பார்ப்பவர்களுக்குக் கடை மாதிரித் தெரியக்கூடாது. ஆகவே கதவிலும் சரி லிஃப்ட் பக்கத்திலும் சரி, தாள் ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். உணவுக்கடையில் வைக்கும் பெரிய பொரிப்பு இயந்திரம் கூடாது. சத்தம், புகை, வாடை, ஓயாமல் ஆள் வந்து போவது என்று அக்கம்பக்கத்துக்குத் தொல்லை ஆனால் வீவக நிறுத்தச் சொல்லலாம், அந்த இடத்தில்தான் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். பொட்டலத்தை ஆளுக்கு ஒரு நேரம் சொல்லிக் கீழே வாய்ட் டெக்கில், அதாவது புளோக்கின் திறந்த தரைத்தளத்தில், கொடுத்துவிடுங்கள். அவருக்கும் ஒரு டப்பா முறுக்கு போகட்டும், சட்டத்தைவிட அது வேகமாக வேலை செய்யும்.

சுங்கை காடுட்:
தோழியைத் தாராளமாகச் சேர்க்கலாமே, வெளியாட்கள் இரண்டு பேர்வரை வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் புளோக்கில் ஒருவர் சொன்னார்.

கிளமெண்டி கணக்கர்:
அது வீட்டு அலுவலகத் திட்டம், வேறு. கணக்கு எழுதுவது, வடிவமைப்பு மாதிரி மேசை வேலைகளுக்கு. அதற்கு முன் அனுமதி வேண்டும், சமையலுக்குப் பொருந்தாது. உங்கள் திட்டத்தில் அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் மட்டும்தான். பணிப்பெண்ணும் அதே வீட்டில்தானே இருக்கிறார் என்று கேட்பீர்கள், கூடவே கூடாது. அவருடைய வேலை அனுமதி அட்டை வீட்டு வேலைக்கு மட்டும், முறுக்கு பிழிய விட்டால் மனிதவள அமைச்சு முதலாளிக்கு 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் போடலாம்.

தேக்கா பாட்டி:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். நல்ல பெயர் வந்ததும் பக்கத்து மளிகைக்கடை, கல்யாணம், தீபாவளிச் சந்தை என்று கேட்டு வருவார்கள். வீட்டு அடுப்பில் செய்ததைக் கடைக்குப் போடுவதும் கேட்டரிங் எடுப்பதும் இந்தத் திட்டத்துக்குள் வராது, உரிமம் உள்ள சமையற்கூடம் வேண்டும். ஆசைப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் இந்தச் சுதந்திரம் நிரந்தரம் என்றும் நினைக்க வேண்டாம். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது வீட்டுச் சமையல் வியாபாரத்தையும் நிறுத்தினார்கள், மே 12 அன்றுதான் மறுபடி விட்டார்கள். நோன்பு மாதத்தில் குவே (மலாய்ப் பலகாரம்) ஆர்டர் வாங்கி வைத்திருந்த மலாய்க்காரப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமா.

ஈசூன் மருமகள்:
நன்றி. பணிப்பெண் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. தொழில்களைப் பதியும் அக்ரா ஆணையத்தில் பதிய வேண்டுமா? வரி?

கிளமெண்டி கணக்கர்:
அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே மாமியார் விற்றால் பதிவு வேண்டாம். "ஈசூன் முறுக்கு இல்லம்" என்று பெயர் வைத்தால் வேண்டும். வருமானத்தை வரித்துறையிடம் காட்டுங்கள், ஆண்டு நிகர லாபம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கும் கட்ட வேண்டிவரும். அரிசி, எண்ணெய் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள், செலவைக் கழிக்க அதுதான் ஆதாரம்.