கூகுள்ல முழு கேள்வியா டைப் பண்ணணுமா, ரெண்டு மூணு வார்த்தை போதாதா?

பழையகீபோர்டு:
நான் ரொம்ப வருஷமா 'போன் பேட்டரி வீக்கம்'னு துண்டு துண்டா தான் தேடுவேன். என் பொண்ணு என்னடான்னா "போன் பின்பக்கம் உப்பிருக்கு, சார்ஜ் போடலாமா"ன்னு ஆள்கிட்ட பேசற மாதிரி அடிக்கிறா, அவளுக்கு உடனே 'போடாதீங்க, ஆஃப் பண்ணி வைங்க'ன்னு பதில் வருது, எனக்கு பேட்டரி விக்கிறவன் பக்கமா வந்து நிக்குது. அப்படி அடிச்சா மெஷினுக்கு குழம்பாதா? யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மூணாம்பக்கம்:
முன்னாடி குழம்பும், இப்ப இல்ல சார். அந்த காலத்துல சும்மா வார்த்தைய வார்த்தையோட பொருத்திப் பாக்கறது தான், 'க்கு', 'இருந்து' மாதிரி விஷயமெல்லாம் கணக்குலயே வராது. முழு கேள்வி கேக்கலாம்னு முதல்ல வந்தது ஆஸ்க் ஜீவ்ஸ்ங்கற தேடற சைட்டு, 1996ல ஆரம்பிச்சாங்க, ஆனா அது பாதி ஏமாத்து வேலை, ஆட்களை உக்கார வெச்சு ஜனங்க அதிகம் கேக்கற கேள்விய முன்கூட்டியே எழுதி பதில் பக்கத்தோட கோத்து வெச்சிருந்தாங்க, அதுக்கு வெளிய கேட்டா சம்பந்தமே இல்லாம எதையாவது காட்டும். 2006ல அந்த சைட்டோட சின்னமா இருந்த ஜீவ்ஸ்ங்கற பட்லர் பொம்மையவும் தூக்கிட்டாங்க. நிஜமா மாறுனது 2019ல கூகுள் பெர்ட்ங்கற, வார்த்தைகளை சேத்து வெச்சு அர்த்தம் புரிஞ்சுக்கற ஏஐ சிஸ்டத்தை போட்டப்புறம் தான். அவங்களே காட்டுன உதாரணம், பிரேசில்காரர் அமெரிக்கா போக விசா வேணுமான்னு கேட்டா அதுக்கு முன்னாடி அமெரிக்காக்காரன் பிரேசில் போற பக்கம் வருமாம். யார் எங்க போறாங்கன்னு அப்புறம் தான் பிடிபட்டுச்சு.

ஸ்குரூடிரைவர்:
சின்ன திருத்தம், ஆஸ்க் ஜீவ்ஸ் முதல் இல்ல. அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டியில போரிஸ் காட்ஸ்ங்கறவர் பண்ண 'ஸ்டார்ட்'ங்கற கேள்வி-பதில் சிஸ்டம் 1993லயே வெப்ல இருந்துச்சு.

அப்புறம் எல்லாத்துக்கும் கதை மாதிரி கேக்காதீங்க. எரர் கோடு, பார்ட் நம்பர், மாடல் நம்பர் தேடறப்ப அதை மட்டும் டபுள் கோட்ஸ்குள்ள போடுங்க, சுத்தி வாக்கியம் எழுதுனா பக்கத்து மாடலுக்கான பதிலை எடுத்து நீட்டும், நாம அதை நம்பி தப்பான ஸ்பேர் வாங்கிட்டு முழிக்கணும்.

பழையகீபோர்டு:
ஓ சரி. இப்ப மேல ஏஐ பதில்னு ஒண்ணு வருதே, அதை அப்படியே நம்பலாமா?

மூணாம்பக்கம்:
அது கீழ எந்த பக்கத்துல இருந்து எடுத்துச்சுன்னு லிங்க் இருக்கும், அதைத் திறந்து பாத்துட்டு நம்புங்க. 2024 மே மாசம் அமெரிக்காவுல விட்ட புதுசுல பீட்சால சீஸ் ஒட்டலன்னா பசை சேருங்கன்னு சொல்லுச்சே, ரெட்டிட்ல எவனோ எப்பவோ ஜோக்குக்கு எழுதுனதை சீரியஸா எடுத்துக்கிச்சு.

இன்னொண்ணு, கேள்வியிலயே பதிலை வெச்சு கேக்காதீங்க. 'காபி குடிச்சா தலைவலி போகுமா'ன்னு கேளுங்க, போகும்னு வரும். 'காபியால தலைவலி வருமா'ன்னு கேளுங்க, வரும்னு வரும் 😄 ரெண்டும் பொய் இல்ல, கேஃபின் வலியையும் குறைக்கும், பழகினவங்க திடீர்னு நிறுத்துனா தலைவலியும் வரும். ஆனா ஒரு பக்கம் மட்டும் கேட்டா ஒரு பக்கம் தான் கிடைக்கும். 'காபிக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம்'னு கேட்டுப் பாருங்க, ரெண்டும் சேந்து வரும்.

ஸ்குரூடிரைவர்:
கணக்கு, யூனிட் மாத்தறது, ரெண்டு தேதிக்கு நடுவுல எத்தனை நாள் மாதிரி விஷயத்துக்கு வுல்ஃப்ராம் ஆல்ஃபாங்கற சைட்டுக்கு போங்க, 2009ல இருந்து இருக்கு. பக்கம் எதுவும் தேடாது, தானே கணக்கு போட்டு சொல்லும். இங்கிலீஷ்ல கேளுங்க.