அவசரம்: நேற்று 80 சதவீதம், இன்று 45. செல் செத்துப்போச்சா?

மாட்டுத்தாவணி_மாணவி
வணக்கம். லேபில் வளர்க்கும் செல்லை நேற்று சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தில் கான்ஃப்ளுயன்ஸ், அதாவது செல் மூடியிருக்கும் பரப்பு, 80 சதவீதம் வந்தது. இன்று காலை அதே பிளேட், அதே வெல் (குழி), 45தான் காட்டுகிறது. படம் இணைத்திருக்கிறேன். சாம்பல் பூசின மாதிரி மங்கிக் கிடக்கிறது. நாளை இந்தச் செல் மேல் எக்ஸ்ட்ராக்ட் (பொருளை ஊறவைத்து எடுத்த சாறு) போட்டு நச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், திங்கள் ரிவ்யூ. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு உறைய வைத்திருக்கும் வேறு வயல் செல்லை உருக்கவா? சீக்கிரம் சொல்லுங்கள்.

மேலூரான்
என்ன செல்? எத்தனையாவது பாசேஜ் (எத்தனை முறை பிரித்து மறுபடி வளர்த்தது)? மீடியம் (செல் வளரும் திரவம்) என்ன நிறம்? ஒன்றுமே சொல்லாமல் செத்துப்போச்சா என்றால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

செல்லூர்க்காரன்
எந்த ஆப்ஜெக்டிவ் லென்ஸ்? ஸ்கேல் பார்கூட இல்லை. நேற்றைய படத்தையும் போடுங்கள்.

பழைய_குடுவை
மைக்கோபிளாஸ்மா கிருமி. பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. எங்கள் காலத்தில் தினமும் காலையில் குடுவையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். இப்போது பிள்ளைகள் இமேஜ்ஜே சாஃப்ட்வேர் சொல்லும் எண்ணை வைத்துக்கொண்டு அழுகிறார்கள். அடிப்படை படித்துவிட்டு வரலாமே.

மேலூரான்
அண்ணே, பார்த்த மாத்திரத்தில் எப்படித் தெரியும்? அது 0.2, 0.3 மைக்ரான் சமாச்சாரம். 0.22 ஃபில்டரிலேயே நுழைந்து வெளியே வந்துவிடும். டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் ஹெக்ஸ்ட் சாயம் போட்டு, நியூக்ளியஸுக்கு வெளியே பொட்டுப் பொட்டாக ஒளிர்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பிசிஆர்.

மாட்டுத்தாவணி_மாணவி
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுப்போச்சு. எல்929, சுண்டெலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல். புனே என்சிசிஎஸ் செல் வங்கியில் வாங்கியது, எங்களிடம் வந்தபின் 9 பாசேஜ். 24 வெல் பிளேட், 10எக்ஸ், ஃபேஸ் கான்ட்ராஸ்ட் (சாயம் இல்லாமலே செல்லைக் காட்டும் முறை). மீடியம் சிவப்புதான். நேற்றைய படம் கீழே.

வைகைக்கரை
நேற்று உங்கள் பக்கம் பராமரிப்பு மின்தடை இருந்ததா? ஜெனரேட்டரில் இன்குபேட்டர் ஓடும், ஏசி ஓடாது. சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. சித்திரை வெயிலில் அறையே 39 போனால் உள்ளே 37 எப்படி நிற்கும்? எங்களுக்கு ஒரு முறை இப்படித்தான் எல்லாம் போனது.

கண்வங்கி_பழசு
24 வெல்லில் மெனிஸ்கஸ் இருக்கிறதே, அதைப் பாருங்கள் தங்கச்சி. மீடியம் ஓரத்தில் குழிந்து லென்ஸ் மாதிரி ஒளியைத் திருப்பிவிடும், நடுவில் மட்டும்தான் ஃபேஸ் ஒழுங்காக வரும். நான் கார்னியாவின் உள்பக்கச் செல் அடுக்கை (எண்டோதீலியம்) எண்ணிக்கொண்டிருந்தவன். ஸ்பெகுலர் மைக்ராஸ்கோப்பில் அடர்த்தி, அளவு வேறுபாடு, எத்தனை செல் அறுகோணமாக இருக்கிறது என்று மூன்று எண் வரும். படம் கொஞ்சம் மங்கினாலும் மூன்றும் பொய். அப்போது திசுவைக் குறை சொல்ல மாட்டோம், படத்தை மறுபடி எடுப்போம்.

செல்லூர்க்காரன்
மெனிஸ்கஸ் நேற்றும் இருந்திருக்குமே, 80 எப்படி வந்தது? நான் வேறு கேட்கிறேன். 80 செல் 45 ஆனால் மீதி 35 எங்கே போனது? எல்929 ஒட்டி வளரும் செல், செத்தால் உருண்டு கழன்று மிதக்கும். மீடியத்தில் அந்த அளவு மிதப்பு இருக்கிறதா? படத்தில் எனக்குத் தெரியவில்லை. உருண்டவை மட்டும் பளிச்சென்று இருக்கின்றன, பரந்து கிடக்கும் மெல்லிசான செல்கள்தான் பின்னணியோடு கரைந்துவிட்டன. செல் இருக்கிறது, சாஃப்ட்வேர் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

ஒளியைக் குவிக்கும் கண்டென்சரில், ஃபேஸ் வளையத்தை மாற்றும் ஸ்லைடர் எந்த நிலையில் இருக்கிறது? 4எக்ஸுக்கான வளையத்தில் விட்டுவிட்டு 10எக்ஸ் போட்டால் இப்படித்தான் வரும். ஐபீசை எடுத்துவிட்டு சென்டரிங் டெலஸ்கோப் வைத்துப் பாருங்கள். வெளிச்ச வளையம் ஆப்ஜெக்டிவின் கறுப்பு வளையத்தின் மேல் சரியாக உட்கார வேண்டும். அப்புறம் ஒரு வெல்லை மட்டும் ட்ரிப்சின் போட்டுக் கழற்றி எடுத்து, செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரைபான் ப்ளூ சாயத்தில் எண்ணுங்கள். இரண்டையும் பார்க்காமல் வயலை உருக்காதீர்கள்.

பழைய_குடுவை
ஃபேஸ் கான்ட்ராஸ்டுக்காக செர்னிகே 1953இல் நோபல் வாங்கினார். வளையத்தைச் சரிபார்க்கக்கூடத் தெரியாமல் இன்னும் படம் எடுக்கிறார்கள். இருக்கட்டும், மீடியத்தில் பென்ஸ்ட்ரெப் (பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின் கலவை) போடுகிறீர்களா? இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள், கிருமி வராது.

மேலூரான்
முதலில் மைக்கோபிளாஸ்மா என்றீர்கள், இப்போது பென்ஸ்ட்ரெப்பா? பென்சிலின் செல் சுவரைக் கட்டவிடாமல்தான் கொல்லும். மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. எப்போதும் ஆன்டிபயாட்டிக்கில் வளர்த்தால் மற்ற கிருமிகள் அடங்கி, இது மட்டும் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும்.

வைகைக்கரை
ஆன்டிபயாட்டிக் இல்லாமல் மதுரைத் தூசியில் செல் வளர்த்துக் காட்டுங்கள், பார்க்கலாம். ஏட்டுப் பேச்சு பேசாதீர்கள்.

மேலூரான்
4 வருடமாக வளர்க்கிறேன். ஹூடில் கை சுத்தமாக இருந்தால் போதும். தூசி மதுரைக்கு மட்டுமா?

பழைய_குடுவை
தம்பி 4 வருடம் என்கிறார். சரி சரி.

கண்வங்கி_பழசு
இந்தச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். அந்தப் பெண் நாளைக்கு எக்ஸ்ட்ராக்ட் போட வேண்டும். இந்தப் படத்தை வைத்துச் செல் சேதத்துக்கு 0 முதல் 4 வரை தரம் போட்டால் பழி எக்ஸ்ட்ராக்ட் மேல் விழும். 2க்கு மேல் போனாலே நச்சு என்றுதான் எழுதுவார்கள்.

மாட்டுத்தாவணி_மாணவி
வளையம்தான். 4எக்ஸில் இருந்தது, ராத்திரி யாரோ மாற்றியிருக்கிறார்கள். சரி செய்ததும் 83. டிரைபான் ப்ளூவில் 94 சதவீதம் உயிரோடு. நன்றி அண்ணா.

செல்லூர்க்காரன்
நல்லது. ஸ்லைடர் மேல் ஒரு டேப் ஒட்டி எழுதி வையுங்கள். 83 என்றால் நாளைக்குள் நெருக்கமாகிவிடும், எக்ஸ்ட்ராக்டை இன்றே போட முடியுமா பாருங்கள்.

பழைய_குடுவை
மைக்கோபிளாஸ்மா டெஸ்ட் எடுத்தீர்களா? நான் சொன்னதற்கு இன்னும் பதில் இல்லை.

மேலூரான்
இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. எடுங்கள் தங்கச்சி.